எஞ்சின் மவுண்டிங்: கெட்டியா, மெதுவா?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து கொழும்பில் நாம் பழைய வண்டிகளையே பொத்திப் பொத்தி ஓட்டினோம். கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பஞ்சிகாவத்தைக் கடைகளில் நாம் அடிக்கடி தேடிய சாமான்களில் ஒன்று எஞ்சின் மவுண்டிங். ஒரிஜினல் மாதிரி மெதுவான இறப்பரா, சீக்கிரம் கிழியாத கெட்டியானதா? கையில் இருக்கும் காசைப் பார்த்து கெட்டியானதை வாங்கிவிடுகிறோம். தெஹிவளை சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங், கண்ணாடி, நமது பல் எல்லாம் சேர்ந்து ஆடும்போதுதான் விஷயம் புரிகிறது.

இந்தக் கேள்விக்குக் கிட்டத்தட்ட நூறு வயது. ஆரம்பகால கார்கள் பலவற்றில் எஞ்சினை நேராகச் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கினார்கள். சட்டத்துக்கும் அது ஒரு பலம். ஆனால் நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை உதைக்கும். 750 ஆர்பிஎம்மில் நிற்கும் வண்டியில் அது செக்கனுக்கு 25 உதை. அத்தனையும் சட்டம் வழியாக ஆட்களின் உடம்புக்குப் போகும். வசதியுள்ளவர்கள் ஆறு, எட்டு சிலிண்டர் வாங்கித் தப்பினார்கள்.

1931இல் அமெரிக்காவின் கிறைஸ்லர் கம்பெனி பிளிமவுத் காரில் வேறு வழி காட்டியது. எஞ்சினின் முன்பக்கத்தை உயரத்திலும் பின்பக்கத்தைத் தாழ்விலும் இறப்பரில் தாங்கினார்கள். இரண்டையும் இணைக்கும் கோடு எஞ்சினின் எடை மையத்தின் வழியாகப் போனது. அந்தக் கோட்டைச் சுற்றி எஞ்சின் தாராளமாக ஆடலாம். கிளச்சை விடும்போது அளவுக்கு மீறித் திரும்பாமலிருக்க, பக்கத்தில் ஒரு பட்டை ஸ்பிரிங். ஆட விட வேண்டிய பக்கம் மெது, பிடிக்க வேண்டிய பக்கம் கெட்டி. மிதக்கும் எஞ்சின் என்று விளம்பரம் செய்தார்கள். அடுத்த வருடமே பிரான்சின் சிட்ரோவன் உரிமம் வாங்கி, நீந்தும் அன்னத்தைச் சின்னமாகப் போட்டு விற்றது. அழகான சின்னம்தான்.

இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. பிரேசிலிலிருந்து விக்ஹாம் கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1876இல் சுமார் 1,900 நாற்றுகளாக இலங்கை வந்தன. அவற்றை நட்டது கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடைத் தோட்டத்தில். டயர்தான் இறப்பரின் பெரிய சந்தை என்றாலும், எஞ்சினுக்கு அடியிலும் அதற்கு ஒரு புது இடம் கிடைத்தது. கிடைத்த நேரம்தான் கொடுமை. 1932இல் உலக மந்தத்தில் இறப்பர் விலை அடிமட்டத்துக்குப் போய், நமது தோட்டங்கள் தவித்துக்கொண்டிருந்தன.

1980களில் உள்ளே திரவம் நிரப்பிய மவுண்டிங் பரவியது. சின்ன அதிர்வுக்கு அது மெதுவாக இருக்கும், குழியில் விழுந்தால் திரவம் குறுகிய வழியால் ஓடி ஆட்டத்தை அடக்கும். விலை கூட. அதனால்தான் அந்த இடத்தில் வெறும் இறப்பரை மாட்டச் சொல்கிறார்கள். மாட்டினால் வண்டி ஓடும், அதிர்வு நம் உடம்போடு தங்கும். இன்ஜின் குறுக்காக நிற்கும் இன்றைய சிறு கார்கள் பலவற்றில், கீழே திருகலைப் பிடிக்கும் ஒரு சிறு மவுண்டிங் தனியாக இருக்கிறது. அன்றைய பட்டை ஸ்பிரிங்கின் வேலைதான் அதற்கும். கெட்டியாகப் போட்டே ஆக வேண்டுமென்றால் அதை மட்டும் கொஞ்சம் கெட்டியாக்கலாம். எடை தாங்கும் மற்றவற்றைக் கம்பெனி கொடுத்த மாதிரியே விடுவது நல்லது.

பாஸிடம் கொடுக்கும் முன் மேலே எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் எண்ணெய் பட்டுக்கொண்டே இருந்தால் இறப்பர் ஊதிக் குழைந்துவிடும். கசிவை அடைக்காமல் எதை மாட்டினாலும் கொஞ்ச நாளில் மறுபடி பஞ்சிகாவத்தைக்குத்தான் போக வேண்டிவரும்.