குழிக்குள்ளா, முகட்டின் மேலா? கடைவாய்ப்பல் சீரமைப்பில் இன்லேயும் ஆன்லேயும்

பல் மருத்துவப் பாடநூல்கள் இன்லே, ஆன்லே இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் வைத்துப் பேசுகின்றன. இரண்டையும் வாய்க்கு வெளியே செய்து, பிறகு பல்லில் பொருத்தி ஒட்டுகிறார்கள் என்பதே இந்தச் சேர்க்கைக்குக் காரணம். செய்முறையை மட்டும் பார்த்தால் இதில் பிழையில்லை. கடிக்கும்போது பல்லுக்கு என்ன நேர்கிறது என்று பார்த்தால் இரண்டும் எதிரெதிர் வேலை செய்கின்றன. இன்லே முகடுகளுக்கு நடுவே குடைந்த குழிக்குள் உட்காருகிறது. ஆன்லே ஒரு முகட்டையோ பல முகடுகளையோ மூடி அமர்கிறது. ஒட்டும் முறைகள் வளர்ந்த பிறகு இன்லேயின் தேவை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. ஆன்லேயின் தேவையோ பெருகியிருக்கிறது. ஆகவே இரண்டையும் இணையாகப் பேசுவது சிகிச்சை முடிவுகளைத் திசைதிருப்புகிறது என்பது என் வாதம்.

பல் ஏன் பிளக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். ரீ, மெசர், டக்ளஸ் மூவரும் பிடுங்கிய முன்கடைவாய்ப் பற்களை வைத்துச் செய்த ஆய்வு 1989இல் வெளியானது. வேர்க்குழல் (ரூட் கெனால்) சிகிச்சைக்காகத் துளையிட்டதால் பல்லின் விறைப்பு 5 சதவீதம்தான் குறைந்தது. மேற்பரப்பில் மட்டும் குடைந்த குழியால் 20 சதவீதம் குறைந்தது. முன்னும் பின்னும் உள்ள ஓர வரம்புகள் இரண்டையும் வெட்டித் திறந்த குழியால் 63 சதவீதம் போனது. ரூட் கெனால் செய்த பல் காய்ந்து நொறுங்கிவிடும் என்று நோயாளிகள் மட்டுமல்ல, சில மருத்துவர்களும் சொல்வதுண்டு. இந்த எண்கள் வேறு கதை சொல்கின்றன. பல்லைப் பலவீனப்படுத்துவது ஓர வரம்புகளின் இழப்பு. அவை போன பின் இருபுறச் சுவர்களையும் இழுத்துக் கட்ட எதுவும் இல்லை; ஒவ்வொரு கடியிலும் அவை சற்றே வெளிப்புறம் வளைகின்றன.

அந்தச் சுவர்களுக்கு நடுவே ஓர் உலோகத் துண்டைச் சொருகி வைத்தால் அது ஆப்புபோல வேலை செய்யும். பழைய தங்க இன்லேயின் அடிப்படைச் சிக்கல் இது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த வில்லியம் டாகார்ட் 1907 ஜனவரியில் மெழுகு வார்ப்பு முறையை நியூயார்க்கில் செய்து காட்டியபோது பல் மருத்துவ உலகம் வியந்தது. (அயோவாவின் ஃபில்புரூக் 1897இலேயே இதை விவரித்திருந்தது தெரியவந்ததும் டாகார்ட்டின் காப்புரிமை நீதிமன்றத்தில் நிற்கவில்லை.) முறை என்னவோ நம் சுவாமிமலை ஸ்தபதிகள் கையாளுவதுதான். ஐம்பொன் சிலையில் ஒரு மயிரிழைச் சுருக்கம் யார் கண்ணிலும் படாது. பல்லில் அந்த மயிரிழை இடுக்கு வழியாகத்தான் சொத்தை மறுபடி நுழையும். தங்கக் கலவை உறையும்போது ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் சுருங்குவதால், அதே அளவு விரிந்து கொடுக்கும் அச்சுக்கலவையைத் தேட வேண்டியிருந்தது. அதன் பிறகும், வார்த்த துண்டு தடையின்றி உள்ளே இறங்கக் குழியின் சுவர்களைச் சற்று வெளிச்சரிவாக அமைத்தாக வேண்டும். சொத்தை போகும் வழியில் உருவான உட்குடைவுகளை நேராக்க நல்ல எனாமலும் டென்டினும் பலியாயின.

இத்தனைக்கும் பிறகு தங்கம் நிலைத்தது உண்மை. 2004இல் வெளியான ஓர் ஆய்வு 1,314 தங்க வார்ப்புகளைப் பரிசோதித்தது. அவற்றில் சில 52 ஆண்டுகள் வாயில் இருந்தவை. ஆனால் அவை கைதேர்ந்த ஒரே மருத்துவர் செய்தவை, அவரிடமே தொடர்ந்து வந்துகொண்டிருந்தவர்களின் வாய்களில் இருந்தவை. அந்த வெற்றியில் தங்கத்துக்கு எவ்வளவு, கைக்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை.

1955இல் மைக்கேல் புவோனகோர் எனாமலின் மேல் பாஸ்பாரிக் அமிலம் தடவி, அது பிசினைப் பற்றிக்கொள்ளச் செய்தார். 1960களின் தொடக்கத்தில் ரஃபேல் போவன் உருவாக்கிய பிசினிலிருந்து கம்போசிட் என்னும் நிரப்புபொருள் பிறந்தது. 1980களில் செராமிக்கின் உட்புறத்தை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் அரித்து, சிலேன் என்னும் இணைப்புப் பொருளைத் தடவி ஒட்டும் முறை வந்தது. அதே பத்தாண்டில், 1985இல், சூரிச் பல்கலைக்கழகத்தில் மெர்மானும் பிராண்டெஸ்டினியும் நோயாளி நாற்காலியில் இருக்கும்போதே கணினி மூலம் செராமிக் இன்லே கடைந்து பொருத்தினார்கள். வரலாற்றை எழுதுகிறவர்கள் செரெக் என்ற இந்தக் கருவிக்கே மாலை சூட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் தலைமுறைக் கருவிக்குக் கடிபரப்பின் மேடுபள்ளங்களைச் செதுக்கத் தெரியாது. மருத்துவர் கையால் செதுக்க வேண்டியிருந்தது. விளிம்புகளில் பொருத்தமும் சுமார். இடைவெளியை ஒட்டும் பிசினே நிரப்பியது. அப்படியிருந்தும் அந்தக் கருவியில் செய்தவற்றை 27 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தபோது வெற்றி விகிதம் 87.5 சதவீதம். பொருத்தம் சுமாராக இருந்தும் இத்தனை காலம் தாங்கியதென்றால் தாங்கியது ஒட்டுதான்.

அந்த ஒட்டு கைவந்த பின் சிறிய, நடுத்தரக் குழிகளுக்கு இன்லே எதற்கு? கம்போசிட்டை நேரடியாக அடுக்கடுக்காக நிரப்பினாலும் சுவர்கள் பிணைந்துகொள்கின்றன. உட்குடைவை வெட்டி எறிய வேண்டாம், இரண்டாம் முறை வர வேண்டாம், செலவும் குறைவு. வாயில் இறுகும்போது கம்போசிட் இரண்டு மூன்று சதவீதம் சுருங்குகிறது, இன்லேயில் அந்தச் சுருக்கம் வெளியிலேயே முடிந்துவிடுகிறது என்பார்கள். கோட்பாட்டளவில் சரி. நீண்டகால ஒப்பீடுகளில் அது தெளிவான மேன்மையாகத் தெரியவில்லை. பக்கத்துப் பல்லோடு இறுக்கமான தொடுபுள்ளி அமைப்பதில் மட்டும் இன்லேக்கு இன்னும் அனுகூலம் உண்டு.

முகட்டுச் சுவர் இரண்டு மில்லிமீட்டருக்கும் மெலிந்துவிட்டால் கணக்கு மாறுகிறது. அந்த முகட்டை மூடியாக வேண்டும்; கேப்பா, ஆன்லேயா என்பதே கேள்வி. எடல்ஹாஃப், சோரன்சன் என்ற ஆய்வாளர்கள் 2002இல் எடைபோட்டுப் பார்த்தபோது முழுக் கேப்புக்காகப் பல்லின் மேற்பகுதியில் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் சீவப்படுவது தெரிந்தது. கேப் பல்லின் கழுத்தைச் சுற்றிச் சீவச் சொல்கிறது. பல்லின் வலு குவிந்திருப்பதோ அங்கேதான். ஆன்லேக்கு முகட்டின் உயரத்தில் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் குறைத்தால் போதும். விளிம்பு ஈறுக்கு மேலே, எனாமலிலேயே நின்றுவிடுகிறது.

ஆனால் ஆன்லே பொறுமை கேட்கும் வேலை. பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு மாட்டி எச்சிலை விலக்க வேண்டும். லித்தியம் டைசிலிகேட் செராமிக் துண்டின் உட்புறத்தை அமிலத்தில் இருபது விநாடி அரித்துக் கழுவினால் பளபளப்புப் போய் வெண்பனி படிந்தாற்போல மங்கும். சிலேன் அதன் மேல்தான். இடையில் ஒருமுறை எச்சில் பட்டால் மறுபடி முதலிலிருந்து. சிமெண்ட் வைத்துக் கேப்பை அழுத்திவிடுவது இதைவிட எவ்வளவோ எளிது. ரூட் கெனால் என்றாலே அடுத்த வார்த்தை கேப் என்று நம் ஊரில் பழகிப்போனதற்கு இந்த எளிமையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

செராமிக் இன்லே, ஆன்லே ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான பகுப்பாய்வு பத்தாண்டு நிலைப்பை 91 சதவீதம் என்கிறது. தோல்விகளில் முதலிடம் உடைப்புக்கும் சில்லு பெயர்வதற்கும். மறுசொத்தையின் பங்கு மிகச் சிறிது. ஆன்லேயில் செராமிக் உடைந்தாலும் அடியில் பல் பெரும்பாலும் மிஞ்சும், மறுபடி ஒன்று செய்யலாம். சுற்றிலும் சீவி மெலிந்த பல் கேப்போடு ஈறு மட்டத்தில் முறிந்தால், பலருக்கு எஞ்சுவது பிடுங்குவதும் இம்ப்ளான்ட்டும்தான்.

ஆன்லேக்கு எல்லையும் உண்டு. சொத்தை ஈறுக்கு அடியில் இறங்கி விளிம்பில் எனாமலே இல்லாத பல்லிலும், உலர்வாக வைத்துக்கொள்ள முடியாத கடைசிக் கடைவாய்ப்பல்லிலும் ஒட்டை நம்புவது பந்தயம் கட்டுவது போலத்தான். ஏற்கெனவே கேப்புக்காகச் சீவிய பல்லில் காப்பாற்ற எனாமலும் இல்லை. அத்தகைய பற்களுக்கு நானும் கேப்பையே பரிந்துரைப்பேன்.