சீமைப் படிப்பும் ரசச் சட்டியும்

ஆடி மாதக் கடைசி வெள்ளியன்று இருக்கன்குடிச் சாலையில் நடந்து வருகிறவர்களை எண்ணி மாளாது. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இடத்தில் குடியிருக்கும் மாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி, கண்மலர், முடிக்காணிக்கை என்று சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டிப் பக்கத்து ஊர்களெல்லாம் கடன்பட்டிருக்கின்றன. மழைக்கும் அம்மைக்கும் பிள்ளை வரத்துக்கும் நேர்ந்துகொண்ட கோயில் இது. அந்த வேண்டுதல்களோடு இன்றைக்கு விசாவும் சேர்ந்திருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்குகிறது. விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு, பாஸ்போர்ட் எப்போது திரும்பி வரும் என்று வீடே வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாதம் சரியாக ஆடி.

இந்தக் கரிசல் பூமிக்கு ஐரோப்பியப் படிப்பு புதிது. நூறு ஆண்டுகளுக்கு முன்னால் இங்கிருந்து ஒரு வித்தை கற்கத் தூரதேசம் போனவர்கள் ஏறியது கப்பலில் அல்ல, கல்கத்தா ரயிலில்.

அப்படிப் போனவர்களில் ஊரறிந்தவர்கள் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும். 1922இல் கல்கத்தா சென்று, தீப்பெட்டி செய்யும் தொழிலைச் சில மாதங்கள் கூடவே இருந்து கற்றுக்கொண்டார்கள். அன்று தமிழ்நாட்டு அடுப்புகளைப் பற்றவைத்த தீப்பெட்டிகள் பெரும்பாலும் சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தவை. பெட்டியின் பக்கவாட்டில் உரசினால் மட்டும் பற்றும் பாதுகாப்புத் தீக்குச்சிக்கு 1844இலேயே காப்புரிமை வாங்கியவர் குஸ்தாஃப் எரிக் பாஷ் என்ற சுவீடன்காரர். ஊர் திரும்பிய இருவரும் ஜெர்மனியிலிருந்து இயந்திரம் வரவழைத்துத்தான் தொழிலைத் தொடங்கினார்கள். மழை பொய்த்த பூமியில் வேலை தேடும் கைகள் ஏராளம் என்பதால், இயந்திரத்தை ஒதுக்கிவிட்டுக் கைத்தொழிலாகவே செய்வது கட்டுப்படியாகும் என்று பிறகு கண்டுகொண்டார்கள். ஐரோப்பாவை மிதிக்காமலே ஐரோப்பிய வித்தை ஒன்று சிவகாசியில் வேர் பிடித்தது இப்படித்தான். அந்தக் கைகளில் நெடுங்காலம் குழந்தைகளின் கைகளும் இருந்தன என்பதைச் சிவகாசியின் பெருமை பேசுகிறவர்கள் விட்டுவிடுவது வழக்கம், விடக் கூடாது.

அதே ஆண்டுகளில் அதே கல்கத்தாவில் இந்தப் பக்கத்து இளைஞர் இன்னொருவரும் இருந்தார். மேற்குமலை அடிவாரத்து வத்திராயிருப்பில் 1898இல் பிறந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக்கூடமும் மதுரை அமெரிக்கன் கல்லூரியும் முடித்த கே. எஸ். கிருஷ்ணன். பௌபஜார் தெரு ஆய்வுக்கூடத்தில் சி. வி. ராமனுக்கு உதவியாகச் சேர்ந்தார். ஒளிச்சிதறல் பற்றி 1928 மார்ச் 31ஆம் தேதி ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த குறிப்பில் ராமனோடு இவர் பெயரும் இருந்தது. ஐரோப்பியப் பல்கலைக்கழகம் எதிலும் கிருஷ்ணன் மாணவராக இருந்ததில்லை. 1930களில் அவர் ஐரோப்பாவுக்குப் போனபோது கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் பாடம் கேட்கவில்லை, உரையாற்றினார். கப்பல் ஏறாமலே அந்த உயரத்தை எட்டியவர்கள் அந்தத் தலைமுறையில் அபூர்வம்.

ஏறியவர்களின் கதை வேறு. அறிவாளிகள் சீமைக்குப் போய் என்ன சாதித்தார்கள் என்று எழுதப் பலர் இருக்கிறார்கள். என்ன சாப்பிட்டார்கள், எங்கே படுத்தார்கள், ஊருக்கு என்ன எழுதினார்கள் என்று தேடினால்தான் சீமைப் படிப்பின் நிஜமான வரலாறு பிடிபடுகிறது. பட்டம் கொடுத்தது பல்கலைக்கழகம். ஆளை வாட்டியது அடுப்படி.

கணித மேதை ராமானுஜன் அதற்கு முதல் சாட்சி. 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராகச் சேர்ந்தவர். இரண்டே ஆண்டுகளில் சென்னைப் பல்கலைக்கழகம் இங்கிலாந்தில் படிக்க வருஷத்துக்கு 250 பவுன் உதவித்தொகை கொடுத்தது. ஒரு பவுனுக்கு 15 ரூபாய் என்ற அன்றைய கணக்கில் அது அவருடைய பத்து வருஷக் குமாஸ்தாச் சம்பளத்துக்கும் மேல். அதில் 50 பவுன் கும்பகோணத்துக் குடும்பத்துக்குப் போனது. பணம் கிடைத்ததும் தடை தீர்ந்துவிடவில்லை. கடல் தாண்டினால் ஜாதிப் பிரஷ்டம் என்ற காலம். நாமக்கல் நாமகிரித் தாயார் சன்னிதியில் உத்தரவு கேட்டு, பெற்ற தாயும் மனம் இசைந்த பிறகுதான் பயணம் முடிவானது.

அடுத்தது உருமாற்றம். தாயையும் மனைவியையும் கும்பகோணத்துக்கு அனுப்பிவைத்த பிறகே குடுமியை எடுத்தார். அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டாம் என்றுதான். கணிதப் பேராசிரியர் லிட்டில்ஹெய்ல்ஸ் தன் மோட்டார் சைக்கிளில் அவரை ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போய்க் கால்சட்டையும் காலரும் வாங்கிக் கொடுத்தார். முள்கரண்டி பிடிக்க ஒத்திகை நடந்தது, சைவச் சாப்பாட்டோடு. 1914 மார்ச் 17 அன்று ‘நெவாசா’ கப்பல் சென்னையை விட்டுப் புறப்பட்டு ஏப்ரல் 14 அன்று லண்டன் சேர்ந்தது. ராமானுஜனுக்கு வயது 26.

கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி உணவுக்கூடத்தில் அவர் உட்கார்ந்து சாப்பிடவில்லை. காய்கறியைக் கூடப் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்களோ என்ற பயம். அறை மூலையில் சின்னதாக ஒரு காஸ் அடுப்பு; கணக்கு ஒரு பக்கம் ஓட, சாதம் ஒரு பக்கம் வெந்தது. முதலாம் உலகப் போர் தொடங்கியதும் காய்கறி அரிதானது. ஊரிலிருந்து தபாலில் வந்த சாமான்களை வைத்துச் சமாளித்தார். நாக்கை அடக்கிவிட்டேன், வெறும் சோற்றில் உப்பும் எலுமிச்சைச் சாறும் போட்டு எத்தனை நாளும் ஓட்டுவேன் என்ற பொருளில் 1915 தொடக்கத்தில் ஊருக்கு எழுதினார். ஊரில் கவலைப்படக் கூடாதே என்று எழுதப்படும் கடிதங்களை நம்பக் கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம். இரண்டே வருஷத்தில் படுத்த படுக்கையானார்.

குளிரைப் பற்றிய கதையைச் சொன்னவர் சக மாணவரும் பிற்காலத்துப் புள்ளியியல் மேதையுமான மகலனோபிஸ். இரவெல்லாம் குளிரில் நடுங்குவதாக ராமானுஜன் சொல்ல, படுக்கையைப் போய்ப் பார்த்தார். கம்பளிகள் கட்டிலில் ஒழுங்காக விரித்துச் செருகப்பட்டிருந்தன. மனிதர் அவற்றின் மேல் மேலங்கியைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார்! கம்பளிக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எல்லையிலாத் தொடர்களைக் கூட்டத் தெரிந்தவருக்கு இங்கிலீஷ்காரர் கட்டில் விளங்கவில்லை. சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் பாயும் தலையணையுமாக வளர்ந்தவன் அதை எங்கே கற்பான்?

ரசம் பரிமாறிய கதை இதைவிட உருக்கம். சாட்டர்ஜி என்ற வங்காள நண்பரையும் அவர் மணக்கவிருந்த பெண்ணையும் விருந்துக்கு அழைத்துத் தன் கையால் சமைத்தார் ராமானுஜன். ரசத்தை இரண்டு முறை வாங்கிக் குடித்தவர்கள் மூன்றாம் முறை போதும் என்றார்கள். திரும்பிப் பார்த்தால் வீட்டுக்காரரைக் காணோம். சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து தந்தி வந்தது: செலவுக்கு ஐந்து பவுன் அனுப்பு என்று. தான் சமைத்ததை விருந்தாளி மறுத்த மனக்கஷ்டத்தில் ஊரை விட்டே கிளம்பியிருக்கிறார். வேண்டாம் என்ற பிறகும் இலையில் ஒரு கரண்டி விழும் ஊரில் பிறந்தவருக்கு அந்த மறுப்பு எப்படி உறைத்திருக்கும் என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

1917 முதல் மருத்துவ விடுதிகளில் மாறி மாறிக் கிடந்தார். 1918 மே மாதம் ராயல் சொசைட்டி உறுப்பினர், அக்டோபரில் டிரினிட்டி ஃபெலோ. மனைவி ஜானகி எழுதிய கடிதங்கள் மாமியார் கைக்குப் போனதோடு நின்றன. ராமானுஜனுக்கு வந்து சேரவில்லை. 1919 மார்ச்சில் பம்பாயில் இறங்கியவரை ராமேஸ்வரம் அழைத்துப் போய்ப் பிராயச்சித்தம் செய்விக்கத் தாயார் விரும்பினார். உடம்பு இடம் தரவில்லை. 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் இறந்தபோது, கடல் கடந்தவர் என்று சொல்லி உறவினரில் ஆசாரக்காரர்கள் பலர் ஈமச்சடங்குக்கு வரவில்லை. நாமகிரித் தாயார் கொடுத்த உத்தரவு அவர்களிடம் செல்லுபடியாகவில்லை போலும்.

இதற்கு முன்னோடியும் உண்டு. திருச்சி வரகனேரி வ. வே. சு. ஐயரும் ஸ்ரீரங்கத்து டி. எஸ். எஸ். ராஜனும் ரங்கூனில் இருந்துவிட்டு 1907இல் லண்டன் போனவர்கள். ஒருவர் பாரிஸ்டர் படிப்புக்கு, மற்றவர் மருத்துவத்துக்கு. இருவரையும் சேர்த்தது ஹைகேட் பகுதியில் ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா நடத்திய ‘இந்தியா ஹவுஸ்’ விடுதி. நம் நாட்டுச் சாப்பாடும் நம் நாட்டுப் பேச்சும் கிடைக்கும் என்று போகிற மாணவன் அங்கே சாவர்க்கரைச் சந்தித்தான். அந்த விடுதியைப் பிரிட்டிஷ் உளவுத்துறை கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தது. ஐயர் பாரிஸ்டர் பட்டத்தை விட்டுவிட்டு 1910இல் சீக்கியர் வேஷத்தில் தப்பிப் பாண்டிச்சேரி வந்து சேர்ந்தார். ராஜன் படிப்பை முடித்துத் திரும்பி வந்தார். ஸ்ரீரங்கத்து வைதிகர்கள் அவரை விலக்கி வைத்தார்கள். பின்னாளில் அதே ராஜன் சென்னை மாகாண மந்திரி.

ராமானுஜனுக்குப் பத்து வருஷம் கழித்துப் போனவரின் அனுபவத்தில் இந்தப் பாரம் குறைந்திருக்கிறது. மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரான கையோடு 1924இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரிக்கு அனுப்பப்பட்டார். வகுப்பில் உட்கார்ந்ததைவிட நூலகம் நூலகமாக அலைந்ததே அதிகம். செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ பொம்மை ஒன்றைப் பார்த்தார். அதே பட்டைகளையும் திருகாணிகளையும் மாற்றி மாற்றிப் பூட்டி வேறு வேறு உருவம் செய்து காட்டினார்கள். நூல்களின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாக்கிச் சேர்க்கலாமே என்று அங்கே தோன்றியதுதான் கோலன் பகுப்புமுறையின் வித்து. 1925இல் திரும்பி வந்த கப்பலின் நூலகத்தை அதன்படி அடுக்கிப் பரீட்சித்தும் பார்த்தார். படிக்கப் போன இடத்தில் கடைவீதி சுற்றியதற்கு இவ்வளவு பலன் வேறு யாருக்கும் கிடைத்ததாகத் தெரியவில்லை. பிற்காலத்தில் ராமானுஜனை அறிந்தவர்களின் நினைவுகளைத் தேடித் திரட்டி நூலாக்கியவரும் இதே ரங்கநாதன்தான்.

1930 ஜூலை 31 அன்று பம்பாயில் ‘பில்ஸ்னா’ கப்பலேறிய வானியற்பியலாளர் சந்திரசேகருக்கு அப்போது வயது 19. தாயார் சீதாலட்சுமி நோயாளி. போகாதே என்று தடுக்க நினைத்த உறவினரை மீறிப் போய் வா என்றவர் அவரே. மழைக்காலக் கடல் கொந்தளிப்பு அடங்கிய பிறகு மேல்தளத்தில் உட்கார்ந்து போட்ட கணக்குதான் வெள்ளைக் குறு விண்மீன்களின் நிறைக்கு எல்லை உண்டு என்று காட்டியது. 1983இல் நோபல் பரிசு வரை கொண்டுபோனதும் அதுவே. கேம்பிரிட்ஜ் போய் ஒரு வருஷம் ஆகும் முன்னே, 1931 மே மாதம், தாயார் இறந்த செய்தி வந்தது. கப்பல் பயணமே மூன்று வாரம் பிடித்த நாளில் மகன் வந்து சேர வழியில்லை. அந்தக் கோடையை ஜெர்மனியின் கோட்டிங்கனில் கழித்தார், 1932–33இல் கோபன்ஹேகனில். கண்டம் முழுக்கச் சுற்றிய முதல் தலைமுறைத் தமிழ் மாணவர்களில் அவர் ஒருவர்.

சிவகாசிப் பக்கத்துக்கு ஐரோப்பா வந்த வழி புத்தகமல்ல, தொழில். பட்டாசில் வெள்ளை வெளிச்சம் தருவது அலுமினியத் தூள். அந்தத் தூளைச் செய்யும் நிறுவனமான மெப்கோவும் ஜெர்மனியின் ஷ்லெங்க் நிறுவனமும் சேர்ந்து பெயர் கொடுத்த பொறியியல் கல்லூரி 1984இல் சிவகாசி அருகே தொடங்கியது. மெப்கோ ஷ்லெங்கில் படித்தவன் ஜெர்மனிக்கு விண்ணப்பிக்கும்போது, சான்றிதழில் ஒரு ஜெர்மானியப் பெயர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது.

ஜெர்மானிய அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. அதனால் இலவசப் படிப்பு என்று ஊரில் பேச்சு. ஆனால் 2024 செப்டம்பர் நிலவரப்படி ஒரு வருஷச் செலவுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்டினால்தான் பெரும்பாலோருக்கு விசா. பத்து லட்ச ரூபாய்க்கு மேல். மாதாமாதம் பன்னிரண்டில் ஒரு பங்குதான் கைக்கு வரும். ராமானுஜனுக்குப் பல்கலைக்கழகம் கொடுத்ததை இன்று அப்பாவின் நிலப் பத்திரமோ வங்கிக் கடனோ கொடுக்கிறது. ஜாதிப் பிரஷ்டம் போய் வட்டிவிகிதம் வந்திருக்கிறது.

மூட்டை கட்டும்போது நடக்கும் விவாதம் மட்டும் மாறவில்லை. பிரஷர் குக்கர், சாம்பார்ப்பொடி, புளி, சாத்தூர்க் காராச்சேவு எல்லாம் எடை பார்த்துத் திணிக்கப்படும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு வழியில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் பையில் இறைச்சியோ பால் பொருளோ இருக்கக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றிய விதி. ரசத்துக்குத் தடையில்லை.

பட்டாசைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், விமானத்தில் ஏறாது. ஜெர்மனியில் பொதுமக்களுக்குப் பட்டாசு விற்பது வருஷத்தின் கடைசி மூன்று வேலை நாட்களில்தான். வெடிக்க அனுமதி டிசம்பர் 31க்கும் ஜனவரி 1க்கும் மட்டும். எனவே சிவகாசிப் பிள்ளைக்குத் தீபாவளி என்பது வகுப்பும் குக்கர் விசிலுமாகக் கழிகிற சாதாரண நாள். இரண்டு மாதம் பொறுத்தால், ஊரில் அப்பாவோ சித்தியோ வேலை பார்க்கும் தொழிலின் சரக்கை, கையுறை போட்டுக்கொண்டு பனியில் நின்று ஜெர்மானியர்கள் கொளுத்துவதைப் பார்க்கலாம். திரி கிள்ளுவதில் அவர்களுக்கு யோசனை சொல்லும் தகுதி அந்தத் தெருவில் அவனுக்குத்தான் அதிகம்.