துரையின் சவரப் பெட்டி

மலையகத்தின் வரலாற்றைப் பேசுவோர் தேயிலைச் செடியிலிருந்து தொடங்குவார்கள். அல்லது லயத்துக் காம்பராவிலிருந்து தொடங்குவார்கள். இன்று நான் பெரிய பங்களாவின் ஒப்பனை மேசையிலிருந்து தொடங்க விரும்புகிறேன். அங்கே வெல்வெட் விரித்த பெட்டிக்குள் துரையின் சவரச் சாமான்கள் வெள்ளியில் மின்னிக்கொண்டிருந்தன. அந்த மின்னலுக்குப் பின்னால் எத்தனை கைகள் இருந்தன என்பதே இன்றைய கேள்வி.

1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். புகையிரதப் பாதை 1884இல் ஹற்றனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது. தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புக்கு இறக்கிய அதே பாதையில் சீமைச் சாமான்கள் மேலே ஏறின. பேர்மிங்ஹாம், செபீல்ட் நகரங்களின் வெள்ளி வேலைப்பாடுகளும் அவற்றுள் அடங்கும்.

சவர்க்காரச் சிமிழ், கிண்ணம், தூரிகை, கத்தி, கைக்கண்ணாடி என்பன ஒரு பெட்டியின் அங்கங்கள். மயிரை வழிக்கும் அலகு மட்டும் வெள்ளியல்ல. வெள்ளி மென்மையான உலோகம். அதில் கூர் நிற்காது. அலகு உருக்கில் ஆனது. மற்றவற்றில்தான் வெள்ளி வேலை. கிண்ணத்துக்கான தட்டையான தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் குழிப்பார்கள். தட்டத் தட்ட வெள்ளி இறுகிவிடும். நெருப்பில் காய்ச்சி இளக்கிய பின்பே மறுபடி தட்டலாம். பூவும் கொடியும் எழும்ப வேண்டுமானால், தகட்டைக் கீல் படுக்கையில் பதித்து, பின்புறமிருந்து மழுங்கிய உளிகளால் புடைப்பார்கள். பிறகு முன்புறம் திருப்பி இலையின் நரம்பையும் இதழின் ஓரத்தையும் தீர்ப்பார்கள். நமது ஆசாரிமார் அரக்குப் படுக்கையில் செய்வதும் இதே வேலைதான். 19ஆம் நூற்றாண்டில் அச்சு இயந்திரம் பெருகியபின், தூரிகைப் பிடிகள் பலவற்றை மெல்லிய தகட்டில் அச்சடித்து உள்ளே கீலை நிரப்பினார்கள். கையில் எடுத்தால் கனக்கும். ஆனால் அந்தக் கனம் வெள்ளியுடையதல்ல!

பழம்பொருள் விற்கும் கடையொன்றில் அத்தகைய சிமிழ் ஒன்றை நான் கையிலெடுத்துப் பார்த்திருக்கிறேன். மூடியின் உட்புறத்தில் கடுகளவில் நான்கு முத்திரைகள். நடக்கும் சிங்கம், 1000 பங்கில் 925 பங்கு சுத்த வெள்ளி என்பதற்குச் சாட்சி. நங்கூரம், பேர்மிங்ஹாம் மதிப்பீட்டு நிலையத்தின் அடையாளம். 1773இல் செபீல்டும் பேர்மிங்ஹாமும் அந்த உரிமையைப் பெற்றன. ஓர் எழுத்து ஆண்டைச் சொல்லும். நான்காவது, மதிப்பீட்டுக்கு அனுப்பிய நிறுவனத்தின் முதலெழுத்துக்கள்.

நிறுவனத்தின் எழுத்துக்கள்தான், தட்டியவனுடையவை அல்ல. செபீல்ட் பட்டறைகளில் தலையில் துணி சுற்றி, பழுப்புக் கடதாசியை இடுப்பில் கட்டிக்கொண்டு, நாள் முழுவதும் மெருகேற்றிய பெண்கள் இருந்தார்கள். அவர்கள் பெயர் எந்த முத்திரையிலும் இல்லை. சென்னையிலும் இதே கதைதான். பி. ஓர் அண்ட் சன்ஸ் நிறுவனம் விற்ற ‘சுவாமி’ வேலைப்பாட்டு வெள்ளியில் நமது தெய்வங்கள் தேநீர்ப் பாத்திரத்தைச் சுற்றி வலம் வந்தன. நிறுவனத்தின் பெயர் நிலைத்தது. தெய்வங்களைப் புடைத்தெடுத்த தமிழ் ஆசாரியின் பெயர் நிலைக்கவில்லை.

இனி லயத்துப் பக்கம் திரும்புவோம். அங்கும் வெள்ளி இருந்தது. தொழிலாளருக்குக் கூலியாகக் கிடைத்த இந்திய ரூபாய் 180 கிரெய்ன் எடையுள்ள வெள்ளி நாணயம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு சுத்த வெள்ளி. ஆயிரத்துக்கு 917 என்று கொள்ளலாம். துரையின் கிண்ணத்துக்கும் தொழிலாளியின் ரூபாய்க்கும் இடையே தரத்தில் வேற்றுமை மிகச் சொற்பம்! வங்கியறியாத மக்கள் அந்த ரூபாய்களையே உருக்கித் தண்டையாகவும் காப்பாகவும் காலிலும் கையிலும் சேமித்தார்கள்.

ஆனால் அந்தச் சேமிப்பு கரைந்துகொண்டிருந்தது. 1870களின் தொடக்கத்தில் லண்டனில் ஒரு அவுன்ஸ் வெள்ளி ஏறத்தாழ 60 பென்ஸ் விலை போயிற்று. 1894இல் அது 30 பென்ஸுக்கும் கீழே இறங்கியது. இரண்டு ஷில்லிங் பெறுமதியாயிருந்த ரூபாய் சுமார் 13 பென்ஸாகச் சுருங்கியது. தோட்டக்காரர் தேயிலையை லண்டனில் தங்க நாணயத்துக்கு விற்றார். கூலியை இங்கே வெள்ளியில் கொடுத்தார். வெள்ளி விழ விழ அவருக்கு ஆதாயம். தண்டையில் பூட்டிவைத்த உழைப்போ தங்கத்தின் கணக்கில் பாதியாயிற்று. ஒரே உலோகம் ஒரே மலையில் இரண்டு விதிகளை எழுதியது.

சவரமும் அப்படியே இரண்டுபட்டது. பங்களாவில் வேலைக்காரர் வெந்நீர் கொண்டுவந்து வைப்பார். லயத்தில் சவரத் தொழிலாளி கத்தி, தோல்வார், படிகாரக் கட்டியுடன் வருவார். அவருக்குரிய காசு சலவைக் காசோடு சேர்த்துத் தொழிலாளியின் சம்பளத்தில் நெடுங்காலம் பிடிக்கப்பட்டது. சவரத் தொழிலாளியின் திறமை தோட்டக் கணக்குப் புத்தகத்தில் ஒரு கழிவாக மட்டுமே பதிவாயிற்று.

1904இல் ஜில்லெட் தன் பாதுகாப்புக் கத்திக்குக் காப்புரிமை பெற்றார். மடிப்புக் கத்தியின் காலம் மெல்ல முடிந்தது. 1975இல் கொம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளிப் பெட்டிகள் பழம்பொருளாகிவிட்டன. முத்திரையைப் பூதக்கண்ணாடியால் படித்து, ஆண்டைக் கணித்து, விலை சொல்கிறார்கள். அடகுக் கடைக்குப் போன தண்டைக்கோ யாரும் ஆண்டு கேட்கவில்லை. தராசு எடையைக் கேட்டது. நெருப்பு மிச்சத்தை முடித்தது. முத்திரையுள்ள வெள்ளி வரலாறாயிற்று. முத்திரையில்லாதது மீண்டும் வெறும் உலோகமாயிற்று.

எனினும் உழைத்த கை முற்றாக மறைந்துவிடவில்லை. மலையகத்தின் ஈரமும் விறகுப் புகையும் வெள்ளியை விரைவில் கறுக்கச் செய்யும். பங்களா வேலைக்காரர்கள் சுண்ணத்தூளால் அதைத் தேய்த்துத் தேய்த்துத் துலக்கினார்கள். ஒவ்வொரு துலக்கலும் வெள்ளியில் மிக மெல்லிய படலமொன்றை எடுத்துச் செல்லும். பழைய சிமிழில் பூவின் முனை மழுங்கி, சிங்கத்தின் முகம் தேய்ந்திருப்பது அதனால்தான். விற்பனையாளர் அதைக் குறையென்று விலையில் கழிப்பார். நான் அதை ஐந்தாவது முத்திரை என்பேன்.

உங்கள் பாட்டியின் தண்டையோ காப்போ இன்னும் வீட்டில் எஞ்சியிருந்தால், அதை யார் செய்தார், யார் அணிந்தார், எந்தத் தோட்டத்துச் சம்பளம் அது என்று ஒரு கடதாசியில் எழுதி அதனுடன் வையுங்கள். அந்த வெள்ளிக்கு முத்திரையிட இனி நம்மைத் தவிர வேறு நிலையம் கிடையாது.