வால்வு ஆம்ப்ளிஃபயர் இல்லத்துக்கு ஏற்றதா? - ஒரு வரலாற்று நோக்கு

இல்லத்தில் நல்ல இசை கேட்க விழைவோரிடையே நெடுங்காலமாகத் தீராத வழக்கு ஒன்று உண்டு. வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்குவதா, டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரே போதுமா என்பதுதான் அது. வால்வின் ஒலியில் ஒரு கதகதப்பு இருக்கிறது, பாடுபவரின் குரல் உயிரோடு வந்து நிற்கிறது என்பர் ஒரு சாரார். அது வெறும் பழமை மோகம் என்பர் மறு சாரார். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு ஒரு கருவி வாங்கப் புறப்பட்டவருக்கு இவ்விரு சாராராலும் பயன் அதிகமில்லை. அவருக்குத் தேவை ஒரு தீர்ப்பு. குறைந்தபட்சம் தீர்ப்புக்கு வேண்டிய சான்றுகள். அச்சான்றுகளை வரலாறு தரும் என்பது நமது துணிபு. வால்வுப் பெருக்கிகளைச் செய்தவர்கள் யார், எதை நோக்கிச் செய்தார்கள், பின்னர் ஏன் வேறு வழியில் போனார்கள் என்று வரிசையாகப் பார்த்தால் வழக்கின் பெரும்பகுதி தானே தீர்ந்துவிடும்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தமிழில் 'ஒலிபெருக்கி' என்னும் சொல்லை நாம் ஸ்பீக்கருக்கு வழங்கிவருகிறோம். உண்மையில் பெருக்கும் தொழிலைச் செய்வது ஆம்ப்ளிஃபயர். ஸ்பீக்கர் தன்னிடம் வரும் மின்சாரத்தை ஒலியாக மாற்றித் தருகிறது, அவ்வளவே. ஆகவே இக்கட்டுரையில் ஆம்ப்ளிஃபயரைப் 'பெருக்கி' என்றும், மற்றதை 'ஸ்பீக்கர்' என்றும் குறிப்போம். 'வால்வு' என்ற பெயருக்கும் காரணம் உண்டு. சைக்கிள் டியூபில் காற்றை உள்ளே விட்டு வெளியே விடாத வால்வைப் போல, மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் செல்லவிடும் கருவியாகவே அது பிறந்தது. ஆங்கிலேயர் அதன் செயலைக் கண்டு வால்வு என்றனர். அமெரிக்கர் அதன் வடிவத்தைக் கண்டு டியூப் என்றனர். பொருள் ஒன்றே.

எடிசன் தமது மின்விளக்கை ஆராய்ந்தபோது, சூடான இழையிலிருந்து வெற்றிடத்தின் ஊடே மின்னோட்டம் தாவுவதைக் கண்டு 1883-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஆனால் அதை முழுமையாகப் பயன்கொண்டவர் அவரல்லர். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பேராசிரியரும் மார்க்கோனி நிறுவனத்தின் ஆலோசகருமான ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங் 1904-இல் அதே விளைவைக் கொண்டு வானொலி அலைகளை உணரும் வால்வைச் செய்தார். 1906-இல் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் அதனுள் மூன்றாவது மின்வாயாக ஒரு கம்பி வலையைச் செருகினார். வலைக்குக் கொடுக்கும் சிறு மின்னழுத்தம், அதைக் கடந்து செல்லும் பெரிய மின்னோட்டத்தை ஆட்டிவைத்தது. பெருக்கி பிறந்துவிட்டது.

இப்பெருக்கியை முதலில் வளர்த்தது தொலைபேசித் துறையாகும். இசை அதன்பின் வந்தது. 1915-இல் நியூயார்க்கையும் சான்பிரான்சிஸ்கோவையும் இணைத்த தொலைபேசித் தடத்தில், வழியில் தேய்ந்துபோகும் குரலை வால்வுகளே மீண்டும் மீண்டும் தூக்கிவிட்டன. ஒவ்வொரு பெருக்கியும் குரலோடு தன் சிதைவையும் சிறிது சேர்த்தது. ஒன்றிரண்டு பெருக்கிகளைத் தாண்டினால் பொறுத்துக்கொள்ளலாம். நூற்றுக்கணக்கில் அடுக்கினால் பேச்சு கூழாகிவிடும். இச்சிக்கலுக்கு விடை கண்டவர் பெல் ஆய்வகத்தின் ஹரால்ட் பிளாக். 1927 ஆகஸ்டு 2-ஆம் நாள் காலை, ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குச் செல்கையில், கையிலிருந்த செய்தித்தாளின் மீதே அவ்விடையை எழுதினார். பெருக்கியிலிருந்து வெளிவருவதில் ஒரு பங்கைத் தலைகீழாகத் திருப்பி நுழைவாயிலுக்கே அனுப்பினால், பெருக்கி தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும். எதிர்ப் பின்னூட்டம் என்னும் இவ்வுத்தி இன்றளவும் பெரும்பாலான பெருக்கிகளின் அடித்தளமாக நிற்கிறது.

இந்த உத்தி இல்லத்து இசைக்கு முழுமையாக வந்து சேர்ந்த இடம் பிரிட்டன். ஹரால்ட் லீக் என்பவர் 1945-இல் 'பாயிண்ட் ஒன்' என்னும் பெயரில் ஒரு பெருக்கியை வெளியிட்டார். சிதைவு 0.1 விழுக்காடு மட்டுமே என்பதைப் பெயரிலேயே பறைசாற்றிய கருவி அது. இரண்டாண்டுகள் கழித்து, 1947 ஏப்ரல், மே மாத 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழ்களில் டி.டி.என். வில்லியம்சன் என்ற பொறியாளர் ஒரு பெருக்கியின் முழு அமைப்பையும் எழுதி வெளியிட்டார். கே.டி.66 வால்வுகள் இரண்டைக் கொண்டு 15 வாட் ஆற்றல்; சிதைவு 0.1 விழுக்காட்டுக்கும் கீழே. கருவியின் உயிர்நாடி வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர். அதை எப்படிச் சுற்ற வேண்டும் என்பதையும் அவர் விளக்கியிருந்தார். அவ்வரைபடத்தைப் பார்த்துத் தாமே பெருக்கி செய்துகொண்ட ஆர்வலர்கள் பல நாடுகளில் இருந்தனர்.

இங்கு நாம் சற்று நின்று ஒன்றைக் கவனிக்க வேண்டும். லீக்கும் வில்லியம்சனும் தேடியது வால்வின் கதகதப்பை அன்று. வால்வின் சுவடே இசையில் தெரியக்கூடாது என்பதற்காகவே அவர்கள் உழைத்தனர். சிதைவு விழுக்காட்டை எவ்வளவு குறைத்தோம் என்பதில்தான் அவர்களது பெருமிதம் இருந்தது. 'வால்வு ஒலி' என்று இன்று போற்றப்படுவதை அவர்களிடம் காட்டியிருந்தால், அதைத் திருத்தப்பட வேண்டிய குறையாகவே கருதியிருப்பர் என்பது நமது கணிப்பு.

பீட்டர் வாக்கரின் வரலாறு இதை மேலும் தெளிவாக்கும். 1936-இல் அவர் தொடங்கிய நிறுவனமே பின்னாளில் 'குவாட்' என்ற பெயரால் புகழ்பெற்றது. 1953-இல் வெளிவந்த குவாட் டூ என்னும் பெருக்கியும் 15 வாட் ஆற்றலுடையது. அதிலும் இரு கே.டி.66 வால்வுகளே. 1954-இல் வார்ஃப்டேல் ஸ்பீக்கர்களைச் செய்த கில்பர்ட் பிரிக்ஸ், வாக்கரின் துணையோடு லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் அரங்கில் ஒரு துணிகரமான நிகழ்ச்சியை நடத்தினார். கலைஞர்கள் மேடையில் நேரில் வாசித்தனர். அதையே ஒலிப்பதிவிலிருந்தும் ஒலிக்கவிட்டனர். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டு ஒப்பிடும்படி அவையோர் அழைக்கப்பட்டனர். அன்றைய இலக்கு எது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மேடையில் ஒலிப்பது எதுவோ, அதுவே கூட்டாமலும் குறைக்காமலும் வர வேண்டும்.

வில்லியம்சனின் கட்டுரை வெளியான அதே 1947-ஆம் ஆண்டின் டிசம்பரில், பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது என்பது வரலாற்றின் விந்தை. வால்வுப் பெருக்கி தன் உச்சத்தைத் தொட்ட ஆண்டிலேயே அதன் மாற்றாளும் தோன்றிவிட்டது. ஆயினும் தொடக்க கால டிரான்சிஸ்டர் பெருக்கிகள் நற்பெயர் ஈட்டவில்லை. அலையின் மேற்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை மற்றொன்றும் சுமக்கும்போது, கைமாறும் இடத்தில் ஒரு சிறு தடுக்கல் நேர்ந்தது. உரத்த ஒலியில் அது மறைந்துவிடும். தம்புராவின் மீட்டு போன்ற மெல்லிய ஒலியில் கரகரப்பாகத் துருத்தி நிற்கும். டிரான்சிஸ்டர் ஒலி வறண்டது என்ற பேச்சுக்கு அந்நாளில் உண்மையான அடிப்படை இருந்தது. அக்குறை பின்னர் களையப்பட்டது. பேச்சு மட்டும் களையப்படவில்லை.

வாக்கர் அவசரப்படவில்லை. 1967-இல்தான் குவாட் 303 என்னும் டிரான்சிஸ்டர் பெருக்கியை வெளியிட்டார். 1975-இல் 405 வந்தது. பழையதே இனிது என்ற குரல் அப்போதும் ஓயாததால், ஒரு சோதனை நடத்தப்பட்டது. வால்வாலான குவாட் டூ, டிரான்சிஸ்டராலான 303, 405 ஆகிய மூன்றையும், எது ஒலிக்கிறது என்று அறிவிக்காமல் தேர்ந்த செவியுடையோருக்குக் கேட்கவிட்டனர். ஜேம்ஸ் மோயர் அதன் முடிவுகளை 1978 ஜூலை 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் எழுதினார். காசு சுண்டிப் போட்டுச் சொல்வதைக் காட்டிலும் சரியாக அவர்களால் பிரித்தறிய இயலவில்லை. சோதனைக்கு ஏற்பாடு செய்தவர் தயாரிப்பாளரே அல்லவா என்று ஐயுறுவோர் உண்டு, நியாயமான ஐயமே. ஆனால் தோற்றாலும் வென்றாலும் மூன்றும் அவரது பிள்ளைகளே என்பதையும் நாம் மறக்கலாகாது.

அப்படியானால் வால்வின் ஒலி வேறுபடுகிறது என்று இத்தனை பேர் சொல்வது பொய்யா? பொய்யன்று. அவர்கள் கேட்பது பெரும்பாலும் வேறு வகைப் பெருக்கி. பிற்காலத்தில் மீண்டும் செல்வாக்குப் பெற்ற ஒற்றை வால்வு அமைப்பில் பின்னூட்டம் சிறிதே இருக்கும். சிலவற்றில் அறவே இராது. அது இரண்டாம் சுருதிக்கூறு எனத்தக்க சிதைவை, அதாவது மூல ஒலிக்கு ஒரு ஸ்தாயி மேலான நிழலொலியைச் சேர்க்கிறது. இசையோடு பொருந்திப்போகும் சிதைவாதலால் காது அதை வெறுப்பதில்லை.

இதைவிட முக்கியமான மற்றொரு காரணமும் உண்டு. அத்தகைய பெருக்கியின் உள்மறுப்பு மிகுதி. ஒரு கணக்கால் இதை விளக்குவோம். பெருக்கியின் உள்மறுப்பு 2 ஓம் என்க. ஸ்பீக்கரின் மின்மறுப்பு எல்லாச் சுருதிக்கும் ஒன்றாக இராது. ஓரிடத்தில் 4 ஓம், மற்றோரிடத்தில் 30 ஓம் என்க. முதலிடத்தில் மின்னழுத்தத்தின் மூன்றில் இரு பங்கே ஸ்பீக்கரைச் சேரும். இரண்டாமிடத்தில் நூற்றுக்கு 94 பங்கு சேரும். வேறுபாடு ஏறத்தாழ 3 டெசிபெல். காதுக்கு நன்றாகத் தெரியும் அளவு இது. உள்மறுப்பு 0.1 ஓம் ஆனால் அதே வேறுபாடு 0.2 டெசிபெல்லாகச் சுருங்கிவிடும். எனவே ஒருவர் வீட்டில் இனிமையாக ஒலிக்கும் வால்வுப் பெருக்கி, ஸ்பீக்கர் மாறினால் வேறொருவர் வீட்டில் மந்தமாக ஒலிக்கலாம். நண்பர் வீட்டில் கேட்டுவிட்டுக் கடைக்கு ஓடுவோர் ஏமாறும் இடம் இதுவே.

இந்த 'வால்வுத்தன்மை' வால்வுக்கே உரிய மாயமன்று என்பதற்கும் சான்று உண்டு. 1985-இல் பாப் கார்வர் என்ற அமெரிக்கப் பொறியாளர், 'ஸ்டீரியோஃபைல்' இதழின் சவாலை ஏற்று, விலையுயர்ந்த ஒரு வால்வுப் பெருக்கியின் குணத்தைத் தமது டிரான்சிஸ்டர் பெருக்கியில் சில நாள்களிலேயே பதித்துக் காட்டினார். இதழாசிரியர்களால் இரண்டையும் பிரித்தறிய இயலவில்லை.

இனி, நம் இல்லத்துக்கு வருவோம். எதைப் பார்த்து முடிவெடுப்பது?

முதலாவது, ஸ்பீக்கரின் உணர்திறன். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபெல் என்பதே அது. ஆற்றலை இரட்டிக்கும்தோறும் 3 டெசிபெல் மட்டுமே கூடும். 89 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 16 வாட் கொடுத்தால் 101 டெசிபெல். நடுத்தர அறைக்கு அது தாராளம். 84 டெசிபெல் ஸ்பீக்கராயின் அதே ஒலிக்கு மூன்று மடங்குக்கு மேல் ஆற்றல் வேண்டும். அங்கே சிறிய வால்வுப் பெருக்கி மூச்சு முட்டும்.

இரண்டாவது, மின்மறுப்பு. அது அதிகம் ஏறி இறங்காத ஸ்பீக்கரே வால்வுக்கு நல்ல துணை. பொருத்தம் அமைந்தால் எப்படியிருக்கும் என்பதற்கும் வாக்கரே எடுத்துக்காட்டு. 1957-இல் அவர் வெளியிட்ட நிலைமின் ஸ்பீக்கர், குவாட் டூ பெருக்கியோடு இணைந்து இயங்குமாறு அமைந்தது. வரம்பு மீறிய மின்னழுத்தம் அதன் மெல்லிய படலத்தைப் பாழாக்கிவிடும். 15 வாட் பெருக்கியோ அவ்வரம்பைத் தாண்டுவதில்லை. சிறுமையே அங்குப் பாதுகாப்பாயிற்று.

மூன்றாவது, பராமரிப்பு. கே.டி.66 ஒன்றின் இழையைச் சூடாக்க மட்டும் 8 வாட் செலவாகிறது. ஸ்டீரியோவுக்கு நான்கு வால்வுகள்; பாட்டே ஓடாவிட்டாலும் இழைகளுக்கென்றே 32 வாட். வால்வில் பாயும் மின்னோட்டத்தின் வெப்பம் அதற்கு மேல். நம் ஊர்க் கோடையில் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். வெளியீட்டு வால்வுகளின் ஆயுள் சில ஆயிரம் மணி நேரம்; நாள்தோறும் மூன்று மணி நேரம் கேட்பவருக்கு ஆண்டுக்கு ஆயிரம் மணிக்கு மேல் கழிந்துவிடும். மாற்று வால்வு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். 2022-இல் உக்ரைன் போரை ஒட்டி ரஷ்யா ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோது, சரடோவ் ஆலையின் வால்வுகளை நம்பியிருந்தோர் உலகெங்கும் கலங்கினர். இவற்றோடு, உள்ளே 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் இருக்கும். இணைப்பைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கக்கூடும். குழந்தைகள் உள்ள வீட்டில் வால்வுகளுக்குக் கூண்டு இன்றியமையாதது. பழுது பார்க்கத் தெரிந்தவர் உள்ளூரில் இருப்பதும் அவ்வாறே.

ஆகவே நமது முடிவு இது. பிசகில்லாத ஒலி ஒன்றே நோக்கமெனில் நல்ல டிரான்சிஸ்டர் பெருக்கி போதும். மிச்சமாகும் பணத்தை ஸ்பீக்கருக்குச் செலவிடுக, ஏனெனில் ஒலியை அதிகம் மாற்றுவது அதுவே. உணர்திறன் மிக்க ஸ்பீக்கர், அளவான அறை, பராமரிக்கும் பொறுமை ஆகிய மூன்றும் இருந்து, வால்வின் சாயலும் ஒருவருக்குப் பிடித்திருந்தால், அவர் தயங்காமல் வால்வுப் பெருக்கி வாங்கலாம். விரும்பிய சாயலை விலை கொடுத்து வாங்குவது குற்றமன்று. எதை வாங்குகிறோம் என்பதை அறிந்து வாங்க வேண்டும். வாங்குமுன் தம் ஸ்பீக்கரோடு, தம் அறையில், நன்கு பழகிய ஓர் இசைத்தட்டை வைத்து, ஒரு மாலைப்பொழுதேனும் கேட்டுப் பார்க்க வேண்டும். இரு பெருக்கிகளின் ஒலியளவையும் சமமாக வைத்துக்கொள்வது முக்கியம்; சற்று உரக்க ஒலிப்பதையே சிறந்தது என்று காது சொல்லிவிடும்.