மீன் தொட்டியில் பச்சைப் பாய்: சிலிண்டர் இல்லாமல் ஆரை வளர்க்கலாம்

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில், தொட்டியின் அடியில் பாய் விரித்ததுபோல் படர்ந்த செடிகளைப் பார்த்திருப்பீர்கள். இவற்றுக்குக் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் கட்டாயம் என்று பலர் நினைக்கிறார்கள். எல்லாச் செடிக்கும் அது தேவையில்லை. பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் நெல் வயலில் களையென்று நீங்கள் பிடுங்கி எறியும் ஆரைக்கீரையே சிலிண்டர் இல்லாமல் படரும்.

கரியமில வாயு காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. அதனால் கியூபா எனப்படும் பொடி இலைச் செடி போன்றவை சிலிண்டர் இல்லாத தொட்டியில் திணறும். நிதானமாக வளரும் ஆரையும், இலங்கையைச் சேர்ந்த கிரிப்டோகரைன் பார்வாவும் தாங்கிக்கொள்ளும்.

முதலில் காற்றிலேயே நாற்று விடுங்கள். அகலமான பிளாஸ்டிக் ட்ரேயில் சலித்த வண்டல் மண்ணை 2 அங்குலம் பரப்பி, ஆரையின் ஓடுதண்டைக் கணுக் கணுவாக வெட்டி ஊன்றுங்கள். மண் சேறாக இருந்தால் போதும், தண்ணீர் நிற்கக் கூடாது. பாலித்தீன் தாளால் மூடி நிழலில் வைத்து, பூஞ்சணம் பிடிக்காமலிருக்க தினமும் சிறிது நேரம் திறந்து விடுங்கள். மண் முழுவதும் படர்ந்த பிறகு தொட்டிக்கு மாற்றலாம்.

தொட்டியில் 1 அங்குலம் மண், அதன்மேல் கழுவிய ஆற்று மணல் 1 அங்குலம். வயல் பழக்கத்தில் சாணமோ யூரியாவோ போட்டுவிடாதீர்கள்! அது அம்மோனியாவாக மாறி மீனைக் கொன்றுவிடும். புது மண்ணிலிருந்தும் கொஞ்சம் அம்மோனியா வரும் என்பதால், 3 அல்லது 4 வாரம் கழித்து நாலைந்து கப்பி மட்டும் விடுங்கள். செடிக்கு உரம் மீனின் கழிவிலிருந்தே கிடைக்கும்.

மூழ்கிய சில நாளில் பழைய இலைகள் அழுகும். பயப்பட வேண்டாம், புது இலை சிறியதாக வரும். நீண்ட காம்போடு மேலே ஓடும் இலைகளைக் கத்தரித்து விடுங்கள். விளக்கு தினமும் 6 அல்லது 7 மணி நேரம் எரிந்தால் போதும். வேகமாக வளரட்டும் என்று கூடுதலாக எரியவிட்டால் பாசிதான் வளரும்.

எண்ணூர், திருவொற்றியூர் கடலோரத்தில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. அங்கே இருப்பவர்கள் மழைநீரையோ, 24 மணி நேரம் திறந்து வைத்த குழாய் நீரையோ பயன்படுத்துங்கள். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள உப்பும் கிளிஞ்சலும் தண்ணீரைக் கெடுக்கும்.

விற்க நினைத்தால், மருந்து தெளித்த வயலில் எடுத்த ஆரையைத் தொடாதீர்கள். மிச்சமிருக்கும் பூச்சிமருந்து வாங்குபவரின் மீனையும் இறாலையும் கொல்லும். இலையடியில் பசைபோல் ஒட்டியிருக்கும் நத்தை முட்டைகளைத் துடைத்தெடுங்கள். பொன்னேரி டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரியில் ஆலோசனை கேட்டுவிட்டு, முதலில் ஒரே ஒரு ட்ரேயைக் கடைக்காரரிடம் காட்டுங்கள். அவர் கேட்கும் அளவுக்கு மட்டும் அடுத்த நாற்று விடுங்கள்.