கம்பத்தை விட்டுப் புறப்படும் சிறுவன்

இளையோர்க்கான கிராமக் கதைகள் பல ஒரு புறப்பாட்டில் முடிகின்றன. சிறுவன் படிப்பதற்காக நகரம் செல்கிறான், ஊர் நினைவாகிவிடுகிறது. வளர்ந்தவர் திரும்பிப் பார்த்துச் சொல்லும் இக்கதைச் சட்டகம் ஊரை இனிமையாக்குகிறது. ஊர் ஏன் மறைந்தது என்னும் வினாவையும் அதுவே மறைத்துவிடக் கூடும். இந்நாட்டு நூலொன்று அந்த இடரை எவ்வாறு கடந்தது எனக் காண்போம்.

ஓவியர் லாட்டின் ‘கம்போங் பாய்’ என்னும் சித்திரக்கதை 1979இல் வெளிவந்தது. பேராக் மாநிலத்துக் கிந்தா பள்ளத்தாக்கில் பிறந்த சிறுவனின் கதை அது. சொற்களில் பேசுபவர் வளர்ந்த மனிதர். சித்திரங்களில் ஓடுபவன் சிறுவன். ஆற்றுக் குளியலும் குர்ஆன் வகுப்பும் விருத்தசேதனச் சடங்கும் இவ்விரு பார்வைகளுக்கும் இடையே விரிகின்றன. 1971இல் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கைக் காலத்தில் மக்கள் கம்பங்களிலிருந்து நகரங்களுக்குப் பெயர்ந்துகொண்டிருந்தனர். இப்போவிலுள்ள பள்ளிக்குச் செல்லும் அச்சிறுவனிடம் வாசகர் பலர் தம்மையே கண்டிருத்தல் இயல்பே.

எனினும் லாட் இனிமையோடு நின்றுவிடவில்லை. ஈயக் கப்பலின் கழிவில் சிறுவர்கள் திருட்டுத்தனமாக ஈயம் அரித்தெடுக்கின்றனர். அதையறிந்த தந்தை தண்டிக்கிறார். இறுதியில், ஈய நிறுவனம் கம்பத்து நிலங்களை ஆராய்ந்து விலைபேசக் கூடும் என்னும் செய்தி வருகிறது. சிறுவன் மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை, ஊரே போய்விடலாம். அந்த அச்சத்திற்குக் காரணமும் கதைக்குள்ளேயே இருக்கிறது. 1985இல் உலக ஈயச் சந்தை சரிந்தபோது, கம்பத்தை அச்சுறுத்திய அத்தொழிலும் நிலைகுலைந்தது.

நம் தோட்டப்புற வாழ்வையும் நாம் இத்தகைய சட்டகத்துள் வைத்தே நினைக்கிறோம். பால்மரக் காடும் லயத்து வீடும் கோயில் திருவிழாவும் கதைகளில் மணக்கின்றன. ஆனால் 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலால் தொழிலாளர் பலர் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தனர். அதனை எதிர்கொள்ள 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் தம் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கினர்.

இவ்வரலாறும் இளையோர் புனைவுக்குள் இடம்பெற வேண்டும். ஊர் இனித்தது என்று மட்டும் சொன்னால் பிள்ளைகள் நமக்காக இரங்குவர். அதனை எவ்வாறு இழந்தோம், எவ்வாறு காக்க முயன்றோம் என்றும் சொன்னால், தாம் நிற்கும் நிலத்தைப் பற்றி வினவத் தொடங்குவர்.