பராசக்தியும் பரப்பிரம்மமும்



'கங்குவா' வந்த நாளிலிருந்து நம் பழைய மாணவர் குழுவில் ஒரே ரகளை. ஒரு பக்கம் சூர்யா ரசிகர்கள், இன்னொரு பக்கம் விமர்சகர்கள் சொன்னது சரிதான் என்பவர்கள். நடுவில் ஒருவன், "சார், அந்தக் காலத்தில் எல்லாம் இப்படி இல்லையே, படம் பிடிக்காவிட்டால் பேசாமல் போய்விடுவார்களே" என்று எழுதியிருந்தான். பத்தாம் வகுப்பில் வரலாற்றில் நல்ல மதிப்பெண் வாங்கிய பையன். அவனுக்காகத்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

பேசாமல் போன காலம் என்று ஒன்று தமிழ் சினிமாவில் இருந்ததே இல்லை. 1935-இல் கே.பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம் கொடுத்து 'நந்தனார்' எடுத்தார்கள். அன்றைக்கு ஒரு லட்சம் என்றால் நினைத்துப் பாருங்கள். ஆனந்த விகடனில் கல்கி அந்தப் படத்தை விட்டு வைக்கவில்லை. பனைமரமும் எருமையும் ஆட்டுக்குட்டியும்தான் இதில் நன்றாக நடித்திருக்கின்றன என்ற பொருளில் எழுதினார். இன்றைக்கு யூடியூப்பில் யாராவது இப்படிச் சொன்னால் கீழே என்னென்ன பின்னூட்டம் வரும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் நான் சொல்ல வந்தது 1952.

அந்த ஆண்டு அக்டோபர் 17, தீபாவளி. 'பராசக்தி' வெளியானது. ஏ.வி.எம்.மும் வேலூர் பி.ஏ. பெருமாள் முதலியாரின் நேஷனல் பிக்சர்ஸும் சேர்ந்து எடுத்த படம். இயக்கம் கிருஷ்ணன்-பஞ்சு. கதை பாவலர் பாலசுந்தரத்தின் நாடகம். வசனம் மு. கருணாநிதி. கதாநாயகன் அதுவரை சினிமாத் திரையில் யாரும் பார்த்திராத கணேசன். அந்தப் பையன் வேண்டாம், வேறு ஆளைப் போடலாம் என்று மெய்யப்பச் செட்டியார் நினைத்ததும், பெருமாள் முதலியார் பிடிவாதமாக நின்றதும் உங்களில் பலருக்குத் தெரிந்த கதை.

காலத்தையும் கவனியுங்கள். தி.மு.க. தொடங்கி மூன்று ஆண்டுதான். அந்த ஆண்டுத் தேர்தலில் அது போட்டியிடக்கூட இல்லை. முதலமைச்சர் ராஜாஜி. சினிமா என்றாலே அவருக்கு ஆகாது. அப்படிப்பட்ட நேரத்தில் கோயிலுக்குள் பூசாரி ஒரு பெண்ணிடம் தகாத முறையில் நடக்க முயல்வதையும், பசிக்கொடுமையில் ஒரு தாய் தன் குழந்தையை ஆற்றில் எறிவதையும், அதற்கெல்லாம் நீதிமன்றத்தில் ஒருவன் நீதி கேட்பதையும் திரையில் காட்டினால் சும்மா இருப்பார்களா?

இருக்கவில்லை. 'தினமணி கதிர்' கடுமையாக விமர்சித்தது. அட்டையிலேயே கருணாநிதியைக் கேலிச்சித்திரமாகப் போட்டு, படத்தின் பெயரை 'பரப்பிரம்மம்' என்று திரித்தது. இன்றைய மொழியில் சொன்னால் மீம்.

இதற்குக் கருணாநிதி என்ன செய்தார் தெரியுமா? வக்கீலிடம் போகவில்லை. அவர்கள் கேலிக்கு வைத்த அதே 'பரப்பிரம்மம்' என்ற பெயரில் ஒரு நாடகம் எழுதினார். அது ஊர் ஊராக மேடை ஏறி, கட்சிப் பிரசாரத்துக்கும் பயன்பட்டது. திட்டியவர் கொடுத்த பெயரிலேயே டிக்கெட் விற்பது எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள்! அவருடைய அரசியலை ஏற்காத உறவினர்கள் நம் வீட்டிலேயே நிறைய பேர் இருக்கிறீர்கள். இந்த ஒரு விஷயத்திலாவது நீங்களும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவீர்கள் என்று நினைக்கிறேன்.

ரசிகர்களும் சும்மா இல்லை. நீதிமன்றக் காட்சி வசனத்தை மனப்பாடம் செய்தார்கள். சென்னை மூர் மார்க்கெட் பக்கம் தெருவில் நின்று பராசக்தி வசனம் பேசிக் காசு வாங்கிப் பிழைத்தவர்களே இருந்தார்கள். விமர்சனத்துக்கு ரசிகன் கொடுத்த பதில் அதுதான். படம் 175 நாளுக்கு மேல் ஓடியது.

இனி கொஞ்சம் கசப்பான பகுதி. படம் பிடிக்காதவர்களில் ஒரு சாரார் விமர்சனத்தோடு நிற்கவில்லை. தடை செய்யச் சொல்லி அரசை நெருக்கினார்கள். மாநில அரசும் தணிக்கைச் சான்றிதழை மறுபரிசீலனை செய்யும்படி மத்திய அரசைக் கேட்டது. சென்னையில் அப்போது தணிக்கை வாரிய அதிகாரியாக இருந்தவர் ஸ்டாலின் சீனிவாசன். 'மணிக்கொடி' பத்திரிகையைத் தொடங்கியவர்களில் ஒருவர். எழுத்துக்காகச் சிறைக்குப் போனவர். (பன்னிரண்டாம் வகுப்புத் தமிழில் மணிக்கொடிக் காலம் படித்தது நினைவிருக்கிறதா?) ஒருமுறை பார்த்து அனுமதித்த படம், தடை செய்யக் காரணம் இல்லை என்பதில் மாற்றம் வரவில்லை. சான்றிதழ் பறிபோகவில்லை. படம் ஓடியது. அதைத் திட்டிய பத்திரிகையும் வந்துகொண்டுதான் இருந்தது.

இப்போது 2024-க்கு வாருங்கள். அன்று படத்தைத் தடுக்கச் சொன்னார்கள். இன்று விமர்சனத்தைத் தடுக்கச் சொல்கிறார்கள். 'இந்தியன் 2', 'வேட்டையன்', 'கங்குவா' மூன்றையும் சொல்லி, முதல் நாள் தியேட்டர் வாசலில் யூடியூப் சேனல்களை அனுமதிக்காதீர்கள் என்று தயாரிப்பாளர் சங்கத்தார் அறிக்கை விட்டார்கள். அடுத்து, படம் வந்து முதல் மூன்று நாள் விமர்சனமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் ஒரு சங்கம் போனது. டிசம்பரில் நீதிமன்றம், விமர்சனம் கருத்துச் சுதந்திரம், அப்படிப் பொதுவாகத் தடை போட முடியாது என்று இடைக்காலத் தடையை மறுத்துவிட்டது.

ஏன் மூன்று நாள் கேட்கிறார்கள் என்பதையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். பராசக்தி காலத்தில் பிரிண்டு குறைவு. முதலில் பெரிய ஊர், அப்புறம் சின்ன ஊர், கடைசியில் டென்ட் கொட்டகை என்று பெட்டி மாதக்கணக்கில் பயணம் செய்யும். பத்திரிகை விமர்சனம் வர ஒரு வாரம் ஆகும். அது கிராமத்துக்குப் போய்ச் சேருவதற்குள், 'படம் நல்லாருக்கு' என்ற பேச்சு போய்ச் சேர்ந்திருக்கும். இன்று ஒரே காலையில் ஆயிரக்கணக்கான திரைகள். போட்ட பணத்தில் பெரும்பங்கை முதல் வெள்ளி, சனி, ஞாயிறிலேயே எடுக்க வேண்டும். இடைவேளையிலேயே ஒருவர் செல்போனைத் தூக்கி 'மொக்கை' என்றால் வயிற்றில் புளியைக் கரைக்கத்தான் செய்யும். ஆனால் எல்லாவற்றையும் மூன்று நாளுக்குள் குவித்தது விமர்சகன் இல்லையே. அது அவர்களே தேர்ந்தெடுத்த வியாபார முறை.

இன்னொன்று. கங்குவாவில் சத்தம் காதைப் பிளக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். ஜோதிகாவே தன் பதிவில் அதை ஒத்துக்கொண்டார். தயாரிப்பாளர் தியேட்டர்காரர்களிடம் ஒலியைக் குறைக்கச் சொன்னார். பிறகு சில நிமிடங்களை வெட்டவும் செய்தார்கள். மூன்று நாள் எல்லோரும் வாயை மூடியிருந்தால் யார் அவருக்கு இதைச் சொல்லியிருப்பார்கள்?

நடிகரின் மனைவி, பிள்ளைகளை இழுத்து ஏசுவது வேறு விஷயம். அதுவும் புதிதல்ல. லட்சுமிகாந்தன் 'சினிமா தூது', 'இந்து நேசன்' என்று நடத்தியது அந்தரங்க வியாபாரம், விமர்சனம் அல்ல. அது 1944-இல் கொலையில் போய் முடிந்தது, பாகவதரும் என்.எஸ்.கே.யும் சிறைக்குப் போனார்கள். அவதூறுக்கு அன்றும் சட்டம் இருந்தது, இன்றும் இருக்கிறது. குழுவில் சண்டை போடுபவர்கள் இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். யார் வீட்டுப் பரணிலாவது தாத்தா சேர்த்துவைத்த 1952 தீபாவளி சமயத்துத் 'தினமணி கதிர்' இருந்தால், அந்த அட்டையைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். உள்ளே இருக்கும் விமர்சனப் பக்கங்களையும் சேர்த்து. கரையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை.